இரவுக்கு நான்கு பாட்டில்

கேள்வி: நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த லாரி ஓட்டுநர் நான், வயது 29. இரவு ஓட்டத்தில் கண் சொக்காமல் இருக்க, பெட்டிக்கடையில் 20 ரூபாய்க்குக் கிடைக்கும் 250 மில்லி எனர்ஜி டிரிங்க்கை மூன்று ஆண்டுகளாக இரவுக்கு நான்கு பாட்டில் வரை குடிக்கிறேன். மாதத்தில் எட்டுப் பத்து நாட்கள்தான் வீட்டில் இருப்பேன். திருமணமாகி இரண்டு ஆண்டுகளாகியும் குழந்தையில்லை. மனைவிக்கு எல்லாப் பரிசோதனையும் எடுத்துவிட்டோம், குறையில்லை என்கிறார்கள். இந்தப் பானத்தால் ஆண்மை போய்விடும், கிட்னி கெட்டுவிடும் என்று உடன் ஓட்டுபவர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா, டாக்டர்?

பதில்: மனைவிக்கு எல்லாம் எடுத்தாயிற்று என்று எழுதிய நீங்கள், உங்களுக்கு எடுத்த பரிசோதனை எதையும் குறிப்பிடவில்லை. குழந்தைப்பேறு தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது; ஆனாலும் நம் வீடுகளில் செலவும் வலியும் மிகுந்த சோதனைகளுக்கெல்லாம் பெண்ணை அனுப்பிய பிறகே, சில நூறு ரூபாயில் முடியும் விந்துப் பரிசோதனை நினைவுக்கு வருகிறது.

இனி, பானத்துக்கு வருவோம். தாம்பத்திய உறவுக்கான திறன் வேறு, விந்தணுக்களின் எண்ணிக்கையும் ஓட்டமும் வேறு; உங்கள் நண்பர்கள் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறார்கள். இந்தப் பானத்திலும் காபி, டீ, கோலாவிலும் இருந்து தூக்கத்தை விரட்டும் காஃபின் மட்டுமே விந்தணுவைக் கெடுக்கிறது என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது. டென்மார்க்கில் ராணுவத் தகுதிச் சோதனைக்கு வந்த சுமார் 2,500 இளைஞர்களை ஆராய்ந்து 2010-இல் வெளியான ஆய்வில், நாளுக்கு ஒரு லிட்டர் அளவில் கோலா குடித்தவர்களிடம் விந்தணு எண்ணிக்கை குறைவாக இருந்தது. காபி குடித்தவர்களிடம் அப்படி இல்லை. அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழகம் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை சேர்த்த பானங்களைத் தினமும் குடித்த ஆண்களின் துணைவியருக்குக் கரு தரிக்கும் வாய்ப்பு குறைந்திருந்தது. அவற்றுள்ளும் எனர்ஜி டிரிங்க்கின் தொடர்பு இன்னும் வலுவாகத் தெரிந்தது. இவை தொடர்பைத்தான் காட்டுகின்றன, காரணத்தை நிரூபிக்கவில்லை.

என் சந்தேகமெல்லாம் பாட்டிலைவிட, அது திருடும் தூக்கத்தின் மீதுதான். உடலில் புகுந்த காஃபினில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும்; ஆகவே பின்னிரவு இரண்டு மணிக்குக் குடித்ததில் பாதி, காலை ஏழு மணிக்கு நீங்கள் படுக்கும்போதும் ரத்தத்தில் இருக்கும். சிகாகோவில் பத்து இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டுச் சோதித்தபோது, அவர்களின் பகல்நேர டெஸ்டோஸ்டிரான் என்ற ஆண் ஹார்மோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. இதனுடன் இன்ஜின் சூட்டில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விதைப்பைக்கு உடலைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சி தேவை. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மாதவிடாய்ச் சுழற்சியில் கரு தரிக்கக்கூடிய நாட்கள் ஏறக்குறைய ஆறுதான். நீங்கள் வீட்டிலிருக்கும் நாட்கள் அவற்றைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தால், இருவரிடமும் குறையில்லாமலேயே இரண்டு ஆண்டுகள் ஓடிவிடும்.

உறுப்புகளைப் பொறுத்தவரை, எனக்குக் கிட்னியைவிட இதயத்தின் மீதே முதல் கவலை. 2019-இல் அமெரிக்காவில் 34 ஆரோக்கியமான இளையோருக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஏறத்தாழ ஒரு லிட்டர் எனர்ஜி டிரிங்க் கொடுத்து இ.சி.ஜி. எடுத்ததில், ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் மின்னளவில் அடுத்த துடிப்புக்குத் தயாராக எடுக்கும் நேரம் நீண்டதும் ரத்த அழுத்தம் உயர்ந்ததும் தெரிந்தன. நீங்கள் குடிப்பதும் அதே ஒரு லிட்டர்தான், இரவு முழுக்கப் பரவி. நம் உணவுப் பாதுகாப்பு விதிப்படி இந்தப் பானங்களில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் வரை காஃபின் இருக்கலாம். நாளுக்கு 500 மில்லிக்கு மேல் வேண்டாம் என்ற எச்சரிக்கையும் லேபிளில், பொடி எழுத்தில், இருக்கும். இடையிடையே குடிக்கும் டீயையும் கூட்டினால், பெரியவர்களுக்குப் பாதுகாப்பானதாகக் கருதப்படும் 400 மில்லிகிராமை எளிதில் எட்டிவிடுவீர்கள். தினமும் நான்கைந்து டப்பா குடித்த ஒருவருக்கு மூன்றே வாரத்தில் மஞ்சள் காமாலை வந்ததாக 2016-இல் ஒரு மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. அவருக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் தொற்றும் இருந்தது என்றாலும், பானத்திலிருந்த நியாசின் என்ற வைட்டமினின் மிகுதியையே மருத்துவர்கள் முக்கியக் காரணமாகக் கருதினர். சிறுநீரகத்துக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் சுற்றுவழியில்: சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து அதை அரிக்கும்.

உறவைத் தவிர்த்து இரண்டு முதல் ஏழு நாட்களுக்குள் விந்துப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பாருங்கள். படபடப்பு இருந்தால் இ.சி.ஜி.யும் எடுங்கள். பானத்தை ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலி வரும். ஆகவே இரவுக்கு நான்கு என்பதை மூன்று, இரண்டு என்று வாரத்துக்கு ஒரு பாட்டில் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். கண் சொக்கும்போது வண்டியை ஓரங்கட்டி இருபது நிமிடம் தூங்குவதற்கு ஈடான பானம் எதுவும் கிடையாது. புதிய விந்தணு உருவாகி வெளிவர ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஆகும் என்பதால், முதல் முடிவு எப்படி இருந்தாலும், பானத்தை விட்டு மூன்று மாதம் கழித்து மீண்டும் ஒருமுறை பரிசோதித்துப் பாருங்கள்.