ரசீது இல்லாம 1.5 லட்சம் கேக்கறாங்க, குடுத்து சீட் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். வேலை மாறி போன வருஷம்தான் சென்னைக்கு வந்தோம். பொண்ணுக்கு 6 வயசு முடிஞ்சிடுச்சு, ஒண்ணாங்கிளாஸ் சேர்க்கணும், பையனுக்கு மூணரை, எல்கேஜி. நல்ல பேர் உள்ள ஒரு மெட்ரிக் பள்ளில ரெண்டு பேருக்கும் அப்ளை பண்ணோம். பொண்ண மட்டும் தனியா உள்ள கூட்டிட்டு போய் பேப்பர் குடுத்து எழுத சொல்லியிருக்காங்க, எங்ககிட்ட என்ன படிச்சிருக்கீங்க, சம்பளம் எவ்வளவுனு கேட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு கூப்பிட்டு ஒரு துண்டுச்சீட்டுல பென்சில்ல "பி.எஃப் 1.5"னு எழுதி நீட்டினாங்க, பில்டிங் ஃபண்டாம், கேஷா குடுக்கணுமாம், ரசீது கிடையாதாம். நடுவுல இன்னொரு பள்ளில பையனுக்கு 40,000 அட்வான்ஸ் கட்டிட்டோம், சேர்க்கலைன்னா திருப்பித் தரமாட்டோம்னு சொல்றாங்க. கம்ப்ளைன்ட் பண்ணா பிள்ளைங்கள பழிவாங்குவாங்களோனு வீட்டுக்காரர் பயப்படறார்.

பதில்: வணக்கம்மா. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், அந்த ஸ்கூல்லயே உங்களுக்கு சீட் வாங்கித்தர்ற சட்டம்னு எதுவும் இல்ல. ஆனா அந்த சீட்டுக்காக உங்ககிட்ட கண்ட காசையும் வாங்கவிடாம தடுக்கற சட்டம் இருக்கு, அது நல்லாவே பலமான சட்டம். அந்த 1.5 லட்சத்த தயவுசெஞ்சு குடுக்காதீங்க.

பொண்ணு விஷயம் நேரடியானது. கல்வி உரிமைச் சட்டம் 2009, 13-வது பிரிவு, குழந்தைய சேர்க்கும்போது நன்கொடையும் வாங்கக்கூடாது, குழந்தையையோ அப்பா அம்மாவையோ வடிகட்டற மாதிரி எந்த தேர்வும் வைக்கக்கூடாதுனு சொல்லுது. பள்ளி அறிவிச்ச கட்டணம் தவிர வேற எந்தப் பேர்ல வாங்கினாலும் அது நன்கொடைக் கணக்குதான், பில்டிங் ஃபண்டுனு பேர் வச்சாலும் அதேதான். குலுக்கல் மாதிரி சமவாய்ப்பு முறைய தவிர ஒரு பிள்ளைய விட்டுட்டு இன்னொரு பிள்ளைய எடுக்க வைக்கற எந்த முறையும் வடிகட்டல்தான், அதனால அத "இன்டராக்‌ஷன்"னு சொன்னாலும் சட்டம் மாறாது. டெஸ்ட் வச்சதுக்கு முதல் தடவை 25,000 வரைக்கும் அபராதம், அப்புறம் ஒவ்வொரு தடவையும் 50,000 வரை. நன்கொடை வாங்கியிருந்தா வாங்கின தொகையில பத்து மடங்கு வரைக்கும் போகலாம்.

பையன் விஷயத்துல கொஞ்சம் நிதானமா இருக்கணும், ஏன்னா அந்தச் சட்டத்துல குழந்தைன்னா 6 வயசுல இருந்து 14 வரைதான். நர்சரி அட்மிஷனுக்கு, 25 சதவீத இலவச இடம் தவிர, இந்தச் சட்டம் பொருந்தாதுனு டெல்லி உயர் நீதிமன்றம் 2013-ல சொல்லியிருக்கு. அதனால எல்கேஜிக்கு இன்டர்வியூ வச்சாங்கன்னு 13-வது பிரிவ மட்டும் நம்பி கோர்ட்டுக்கு போனா எதிர் தரப்பு முதல்ல இததான் எடுத்து நீட்டுவாங்க. பணம் வேற கதை, அதுக்கு நம்ம ஊர் சட்டமே போதும். தமிழ்நாடு பள்ளிகள் கட்டணம் வசூலித்தலை முறைப்படுத்தும் சட்டம் 2009 இருக்கு, ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில குழு வச்சு பள்ளிக்குப் பள்ளி கட்டணம் நிர்ணயம் பண்றாங்க, அதுக்கு மேல ஒரு ரூபா வாங்கினாலும் தப்பு. குற்றம் நிரூபணமானா குறைஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் ஜெயில், கூட வாங்கினதையும் திருப்பிக் குடுக்கணும். பள்ளி ஆபீஸ்ல போய் கட்டணக் குழு ஆர்டர் காப்பி காட்டுங்கன்னு கேளுங்க, உங்களுக்கு அத கேக்க முழு உரிமை இருக்கு.

இன்னொண்ணு, அந்தப் பள்ளி சிறுபான்மை அந்தஸ்து உள்ளதானு விசாரிச்சுக்கோங்க. அப்படின்னா கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாதுனு உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2014-ல சொல்லியிருக்கு, அப்ப 13-வது பிரிவ வச்சு நாம பேச முடியாது.

இதெல்லாத்தையும் விட எனக்கு பெரிய கவலை ஆதாரம்தான். என்கிட்ட ஒரு அப்பா வந்தார், வேற பள்ளி, பையன் சேர்ந்து ஆறு மாசம் கழிச்சு வந்தார், கேஷா குடுத்திருக்கார், கையில இருந்தது ஏடிஎம்ல எடுத்த மெசேஜ் மட்டும். பணம் எடுத்ததுக்கு ஆதாரம் இருக்கு, குடுத்ததுக்கு இல்ல, கடைசி வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியல, அவர் முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு. அதனால இன்னிக்கு ராத்திரியே பள்ளிக்கு ஒரு மெயில் போடுங்க, கோபமே வேணாம், "என் மகளோட ஒண்ணாம் வகுப்பு சேர்க்கைக்கு மொத்தம் எவ்வளவு கட்டணும், எந்தெந்த தலைப்புல, எந்த அக்கவுண்டுக்கு அனுப்பணும், ரசீது எப்ப கிடைக்கும்"னு மட்டும் கேளுங்க. அந்தக் கேள்விக்கு பில்டிங் ஃபண்டுனு எழுதி பதில் போட எந்தப் பள்ளியும் துணியாது. ஒண்ணு தொகை காணாம போயிடும், இல்ல பதிலே வராது, பதில் வராததும் நாளைக்கு உங்களுக்கு ஒரு ஆதாரம். போன்ல பேசினா ரெக்கார்ட் பண்ணி அந்த போனையே பத்திரமா வைங்க, அந்த ஆடியோவ கோர்ட்ல தாக்கல் பண்ண சாட்சிய சட்டம் 2023, 63-வது பிரிவு படி, அது எந்தக் கருவில எப்படி பதிவாச்சுனு உறுதி சொல்ற ஒரு சான்றிதழ் வேணும்.

புகார், மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) கிட்ட எழுத்துல குடுங்க, காப்பி கட்டணக் குழுவுக்கும். கல்வி உரிமைச் சட்டப்படி உள்ளாட்சி அமைப்புக்கு மனு குடுத்தா 3 மாசத்துக்குள்ள முடிவு சொல்லணும், திருப்தி இல்லைன்னா மாநில குழந்தைகள் உரிமை ஆணையத்துக்கு மேல்முறையீடு போகலாம். ஆனா அந்த 3 மாசத்துல பள்ளி திறந்துடும்மா, பொண்ணுக்கு வேற ஒரு பள்ளில இடத்த உறுதி பண்ணிட்டே இத நடத்துங்க, பிள்ளையோட வருஷத்த பணயம் வைக்க வேணாம்.

40,000 பத்தி. ரசீதுல "திருப்பித் தரப்படமாட்டாது"னு இருந்தாலும் அதோட கதை முடிஞ்சதுன்னு அர்த்தம் இல்ல. பையன் ஒரு நாள் கூட போகல, கட்டணக் குழு நிர்ணயிச்சதுக்கு மேல வாங்கியிருந்தாங்கன்னா இன்னும் சுலபம். ஸ்பீட் போஸ்ட்ல ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்க, நிறைய பேர் அதுக்கே இறங்கி வருவாங்க. இல்லைன்னா சிவில் கோர்ட், பணம் கட்டி 3 வருஷத்துக்குள்ள போகணும். கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு முதல்ல போகாதீங்க, கல்வி ஒரு சேவையே இல்லைனு உச்ச நீதிமன்ற தீர்ப்புகள் இருக்கறதால அங்கயே இழுபறி ஆகும்.

வீட்டுக்காரர் பயம் நியாயமான பயம், நானும் ஒரு அம்மாதான். ஆனா பொண்ணு ஒரு தடவை சேர்ந்துட்டா எட்டாவது முடியற வரைக்கும் பள்ளிய விட்டு நீக்க முடியாது, மனசளவுல துன்புறுத்தினா கல்வி உரிமைச் சட்டத்தோட 17-வது பிரிவு படி பொறுப்பானவங்க மேல துறை நடவடிக்கை எடுக்கலாம், அத அவர்கிட்ட சொல்லுங்க.

அந்த துண்டுச்சீட்டு இன்னும் உங்ககிட்ட இருந்தா இப்பவே வெளிச்சத்துல வச்சு ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்துட்டு மடிக்காம ஒரு கவர்ல போட்டு வைங்க, பென்சில் எழுத்து, ரெண்டு தடவை கை பட்டாலே அழிஞ்சிடும்.