வாசகர் கேள்வி – பதில்: தமிழ்நாட்டின் கருவூலமும் நூலக வரியும்

கேள்வி (ஜூரோங் வெஸ்ட் வாசகர்): தமிழ்நாட்டுப் பொருளாதாரம் 2024-25ஆம் ஆண்டில் 11.19 விழுக்காடு வளர்ந்தது என்று செய்தியில் படித்தேன். சிங்கப்பூரில் வேலை செய்யும் என்னைப் போன்றவர்கள் மாதந்தோறும் ஊருக்கு அனுப்பும் பணமும் அந்தக் கணக்கில் சேர்கிறதா?

பதில்: நேரடியாகச் சேர்வதில்லை. நீங்கள் குறிப்பிடும் விழுக்காடு, விலைவாசி உயர்வைக் கழித்துவிட்டுக் கணக்கிடப்படும் மாநில மொத்த உள்நாட்டு உற்பத்தியின் வளர்ச்சியாகும். மாநில எல்லைக்குள் ஓராண்டில் விளைந்தது, தயாரானது, சேவையாக வழங்கப்பட்டது ஆகியவற்றின் மதிப்பே அதில் இடம்பெறும். உங்கள் சம்பளம் இங்கே செய்த வேலைக்குக் கிடைத்தது என்பதால், அந்த உழைப்பின் மதிப்பு சிங்கப்பூரின் உற்பத்திக் கணக்கில் ஏற்கெனவே ஏறிவிட்டது. ஊருக்கு அனுப்பும்போது அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் பணமே தவிரப் புதிய உற்பத்தி அன்று.

ஆனால் அந்தப் பணம் மன்னார்குடியிலோ அறந்தாங்கியிலோ செலவாகத் தொடங்கியதும் நிலைமை மாறிவிடுகிறது. வீடு கட்டினால் கொத்தனாரின் கூலியும், அரியலூர் ஆலையில் உருவான சிமெண்டின் மதிப்பும், கம்பிக் கடைக்காரரின் லாபமும் மாநில உற்பத்தியில் சேர்ந்துவிடும். மனை வாங்கினால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் மாநிலக் கருவூலத்துக்குப் போகும். இந்திய ரிசர்வ் வங்கியின் 2023-24ஆம் ஆண்டுக்கான ஆய்வின்படி, வெளிநாடுகளிலிருந்து இந்தியாவுக்கு வந்த தொகையில் 6.6 விழுக்காடு சிங்கப்பூரிலிருந்து சென்றிருக்கிறது. மொத்தத் தொகையில் தமிழ்நாட்டின் பங்கு 10.4 விழுக்காடு. மகாராஷ்டிரமும் கேரளமும் மட்டுமே அதற்கு முன்னால் நிற்கின்றன. இவ்வளவு பெரிய தொகை தனக்கெனத் தனி இனம் எதுவும் இல்லாமல், பிறருடைய கூலியாகவும் லாபமாகவும் கணக்கில் கரைந்துவிடுவதால், புலம்பெயர்ந்தோரின் பங்கைப் பொருளாதாரப் பேச்சில் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

வளர்ச்சியின் பெரும் உந்துதல் வேறிடத்திலிருந்து வருகிறது. இந்திய மாநிலங்களில் தொழிற்சாலைகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கே. திருப்பூரின் பின்னலாடையையும் ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத்துத் தோல் பொருள்களையும் நம்மில் பலர் அறிவோம். அவற்றோடு இப்போது காஞ்சிபுரம், ஓசூர்ப் பகுதிகளில் மின்னணுப் பொருள் தயாரிப்பு வேகமாகப் பெருகியிருக்கிறது. 2024-25இல் மாநிலத்தின் மின்னணு ஏற்றுமதி 14.65 பில்லியன் அமெரிக்க டாலர். இந்தியாவின் மொத்த மின்னணு ஏற்றுமதியில் இது ஐந்தில் இரண்டு பங்குக்கும் அதிகம்.

கேள்வி (ஈசூன் வாசகர்): பொருளாதாரம் அப்படி வளர்கிறது என்றால் ஆண்டுதோறும் ஏன் பற்றாக்குறை வரவுசெலவுத் திட்டமே தாக்கலாகிறது? சிங்கப்பூரில் இப்படி நடக்காதே!

பதில்: இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. இரு இடங்களிலும் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது என்பதைத் தவிர ஒற்றுமை அதிகம் இல்லை. சிங்கப்பூரில் ஓர் அரசாங்கம் தன் ஆட்சிக் காலத்து வரவுக்குள் செலவை அடக்க வேண்டும். முந்தைய அரசாங்கங்கள் சேர்த்துவைத்த இருப்பைத் தொட அதிபரின் ஒப்புதல் தேவை. அந்த இருப்பின் முதலீட்டு வருவாயிலிருந்து ஒரு பகுதி ஆண்டுதோறும் திட்டத்துக்கு வந்துகொண்டும் இருக்கிறது. இந்திய மாநிலம் எதற்கும் அத்தகைய இருப்பு கிடையாது. அது கடன் வாங்கித்தான் பெரிய பணிகளைச் செய்கிறது. நடுவண் அரசுக்குக் கடன் பாக்கி வைத்திருக்கும் மாநிலம் புதிதாகக் கடன் வாங்க, அரசமைப்புச் சட்டத்தின் 293ஆம் பிரிவின்படி நடுவண் அரசின் இசைவைப் பெற்றாக வேண்டும்.

2025 மார்ச் 14 அன்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு தாக்கல் செய்த 2025-26ஆம் ஆண்டுத் திட்டத்தைப் பாருங்கள். (அதன் இலச்சினையில் ₹ குறிக்குப் பதிலாக ‘ரூ’ இடம்பெற்றதைப் பற்றி எழுந்த கூச்சலில், உள்ளே இருந்த எண்களைப் பலரும் கவனிக்கவில்லை.) நிதிப் பற்றாக்குறை, அதாவது கடன் வாங்கி ஈடுகட்ட வேண்டிய தொகை, 1,06,963 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டது. நமக்குப் பழக்கமான கணக்கில் 100 கோடி ஒரு பில்லியன் என்பதால், இதை ஏறக்குறைய 1,070 பில்லியன் ரூபாய் என்று கொள்ளலாம். மாநில உற்பத்தியில் இது 3 விழுக்காடு. ஆகவே வழக்கமான வரம்புக்குள்தான் இருக்கிறது. என்னைக் கவலைப்படுத்துவது அடுத்த எண்: வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி. சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம், உதவித்தொகை போன்ற அன்றாடச் செலவுக்கே வரவு போதவில்லை என்பது இதன் பொருள். வாங்கும் கடனில் ஐந்தில் ஏறக்குறைய இரண்டு பங்கு சாலையாகவோ அணையாகவோ மாறாமல், மாதச் செலவிலேயே தீர்ந்துவிடுகிறது. 2013-14 முதல் இந்த நிலை தொடர்கிறது. எந்தக் கட்சி ஆண்டாலும் மாறவில்லை.

வரவைக் கூட்டவும் மாநிலத்துக்கு வழிகள் குறைவு. 2017 ஜூலை 1 அன்று பொருள் சேவை வரி நடைமுறைக்கு வந்த பிறகு, பெரும்பாலான பொருள்களின் வரி விகிதத்தை நிதியமைச்சர்கள் கூடும் மன்றமே முடிவு செய்கிறது. மாநிலம் தானே விகிதம் வைக்கக்கூடியவை பெட்ரோல், டீசல், மது, பத்திரப் பதிவு, வாகனம் என்று சிலவே. நடுவண் வரிகளிலிருந்து பிரித்துத் தரப்படும் தொகையில் தமிழ்நாட்டின் பங்கு, இந்தப் பங்கீட்டைப் பரிந்துரைக்கும் நிதிக் குழுக்களில் ஒன்பதாவதின் காலத்தில் 7.931 விழுக்காடாக இருந்தது. பதினைந்தாவது நிதிக் குழு அதை 4.079 ஆக்கியது. பிறப்பு விகிதத்தைக் கட்டுப்படுத்தியதற்கும் வருமானத்தை உயர்த்தியதற்கும் கிடைத்த தண்டனை இது என்று சென்னையில் குறைப்படுகிறார்கள். ஏழை மாநிலங்களுக்குக் கூடுதலாகத் தராமல் ஒரு நாடு எப்படி நடக்கும் என்று மறுதரப்பு கேட்கிறது. இரண்டு வாதங்களிலும் நியாயம் உண்டு என்றாலும், பங்கு ஏறக்குறையப் பாதியாகச் சரிந்ததை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

கேள்வி (பொங்கோல் வாசகர்): வேளாண்மைக்கென்று தனி வரவுசெலவுத் திட்டம் எதற்கு?

பதில்: கவனத்தை ஈர்ப்பதற்கு. 2021 ஆகஸ்ட் 14 அன்று முதன்முறையாகத் தாக்கலான அது, சட்டப்படி தனித் திட்டம் அன்று. அரசமைப்புச் சட்டத்தின் 202ஆம் பிரிவு கேட்கும் ஆண்டு நிதிநிலை அறிக்கை ஒன்றே ஒன்றுதான். வேளாண்மை சார்ந்த துறைகளின் ஒதுக்கீடுகளை ஒரே உரையில் திரட்டிச் சொல்கிறார்கள்.

கேள்வி (உட்லண்ட்ஸ் வாசகர், தமிழாசிரியர்): அரசின் வரவுசெலவுக்கும் தமிழ் இலக்கியத்துக்கும் பரிசுத் தொகை தவிர வேறு தொடர்பு உண்டா?

பதில்: பரிசைவிட ஆழமான தொடர்பு உண்டு, அது பலரும் கவனிக்காத ஒரு வரியில் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டமாகும். சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் பல ஆண்டுகள் விடாமல் வலியுறுத்தி வந்ததன் பயன் அது. அதன்படி உள்ளாட்சி அமைப்புகள் சொத்து வரியோடு நூலக வரியையும் சேர்த்து வாங்குகின்றன; இப்போது அது சொத்து வரியில் 10 விழுக்காடு. ஊரில் உங்களுக்கு வீடு இருந்தால் நீங்களும் தமிழ் நூலகங்களுக்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

அந்தப் பணத்தில் நூலகங்கள் நூல் வாங்குகின்றன. சில நூறு படிகளே விற்கும் கவிதை நூலுக்கும் ஆய்வு நூலுக்கும் ‘நூலக ஆணை’ (நூலகங்களுக்காக அரசு தரும் கொள்முதல் ஆணை) கிடைத்தால்தான் அச்சுச் செலவே திரும்பும் என்பது பதிப்புத் தொழிலில் உள்ள அனைவரும் அறிந்தது. அதனால் ஆணை தாமதமாகும் ஆண்டுகளில் பதிப்பகங்கள் புதிய நூல்களைத் தள்ளிப்போடுகின்றன. உள்ளாட்சிகள் வசூலித்த வரியை நூலகத் துறைக்குச் செலுத்தாமல் நிலுவை வைத்தால், அதன் சுமையைக் கடைசியில் எழுத்தாளரே தாங்குகிறார். ஒரே ஆணையை நம்பி ஒரு மொழியின் பதிப்புத் தொழில் நடப்பது நல்லதன்று. அதற்காக அந்த ஆணையே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது.

இரண்டாவது தொடர்பு, நாட்டுடைமை. எழுத்தாளரின் மரபுரிமையர்க்கு ஒரு தொகையை அளித்துவிட்டு, படைப்புகளை யார் வேண்டுமானாலும் பதிப்பிக்கலாம் என்று அரசு அறிவிக்கிறது. 1949இல் பாரதியார் படைப்புகளின் உரிமையைச் சென்னை மாகாண அரசு பெற்றதில் இந்த வழக்கம் தொடங்கியது. பாரதியைச் சிங்கப்பூர் மாணவரும் மலிவுப் பதிப்பில் படிக்க முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி (செங்காங் வாசகர்): பழந்தமிழ் நூல்களில் வரி பற்றிய செய்தி உண்டா?

பதில்: நிறைய உண்டு. அரசனின் வருவாய் எவை என்று 756ஆம் குறள் பட்டியலே தருகிறது: உரியவர் இல்லாமல் வந்தடைந்த பொருள், சுங்கமாக வந்த பொருள், பகைவரை வென்று பெற்ற பொருள். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கப் பணியாளர்கள் அயராமல் உல்கு (சுங்கம்) வாங்கி, மூட்டைகளில் புலிச் சின்னம் பொறிக்கிறார்கள். புறநானூற்றின் 184ஆம் பாடலில் பிசிராந்தையார் வரி வாங்கும் முறை பற்றிப் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொல்லும் அறிவுரை இன்னும் கூர்மையானது. நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் சிறு நிலத்தின் விளைச்சலும் யானைக்குப் பல நாள் வரும். யானையே வயலில் புகுந்தால் ‘வாய்புகுவதனினும் கால் பெரிது கெடுக்கும்’; அதாவது, அது தின்பதைவிட மிதித்துக் கெடுப்பதே அதிகம். 2019 ஜூலையில் நடுவண் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தம் வரவுசெலவு உரையில் எடுத்தாண்டதும் இந்தப் பாடலையே.

கேள்வி (புக்கிட் பாத்தோக் மாணவர்): ஞானபீட விருது பெற்ற தமிழ் எழுத்தாளர்கள் யார்? சிங்கப்பூர் எழுத்தாளருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைக்குமா?

பதில்: 1975ஆம் ஆண்டுக்கான விருதை ‘சித்திரப்பாவை’ நாவலுக்காக அகிலனும், 2002ஆம் ஆண்டுக்கான விருதை ஜெயகாந்தனும் பெற்றனர். சாகித்திய அகாதெமி விருது இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. இங்குள்ளவர்கள் சிங்கப்பூர் இலக்கியப் பரிசுக்கு நூல்களை அனுப்பலாம். தமிழுக்கு அதில் தனிப் பிரிவு இருக்கிறது.