எட்ஸ்பினிலிருந்து வந்த கேசட்

அன்புள்ள அண்ணா,

சுவீடன் டெத் மெட்டல் என்ற முரட்டு ராக் இசையைப் பற்றிப் போன மாதம் நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு நிர்வானா 2002 குழுவைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். மூன்று நாளாக வேறு எதுவும் காதில் ஏறவில்லை. 'ரெக்கார்டிங்ஸ் 89-91' என்ற தொகுப்பும் கிடைக்கிறது, பழைய கேசட்டிலிருந்து எடுத்த இரைச்சலான நகல்களும் கிடைக்கின்றன. எதைக் கேட்பது சரி? அந்த ரம்பம் ஓடுவது போன்ற கிட்டார் சத்தம் எப்படி வந்தது? இன்னொன்று. ஒரு முழு ஆல்பம்கூடப் போடாமல் டெமோ என்கிற மாதிரிப் பதிவோடு நின்றுவிட்டார்களே, எவ்வளவு பெரிய வீணடிப்பு! ஆல்பம் வந்திருந்தால் இன்று என்டூம்ட் என்ற புகழ்பெற்ற சுவீடன் குழு இருக்கும் இடத்தில் இவர்கள் இருந்திருப்பார்கள் இல்லையா? நானும் நண்பர்களும் மூன்று வருடமாக வாசிக்கிறோம். நாங்களும் டெமோவைத் தாண்டவில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

க., ஈரோடு

அன்புள்ள க.,

கிட்டார் சத்தத்தை முதலில் முடித்துவிடுகிறேன். சுவீடன் பையன்கள் செய்தது இதுதான்: பாஸ் (Boss) கம்பெனியின் எச்எம்-2 என்ற, கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் கால்பெடல், அதன் நான்கு குமிழ்களும் வலது கோடி வரை, கம்பிகளை நன்றாக இறக்கிச் சுருதி. அவ்வளவுதான். இதற்கு மேல் இதில் ரகசியம் எதுவும் இல்லை. 1991-இல் நிறுத்திய அந்தப் பெடலை 2021-இல் புது உருவில் மறுபடி கொண்டுவந்தார்கள். வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

பெயரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நல்லது. கேட்பவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். அந்தப் பெயரில் வேறு ஆட்களும் இருந்ததால் பின்னால் ஓர் எண்ணைச் சேர்த்துக்கொண்டார்கள். 1989-இல் 2002 என்பது ரொம்பத் தூரத்தில் இருந்த வருடம்.

'வீணடிப்பு' என்ற சொல்தான் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. யார் எதை வீணடித்தது தம்பி? பாடிய ஓர்வர் சேஃப்ஸ்ட்ரம் 1991-இல் என்டூம்டின் 'க்ரால்' இசைத்தட்டில் போய்ப் பாடினார். அப்புறம் சுவீடன் தொலைக்காட்சியில் சினிமா விமர்சகராக வீட்டுக்கு வீடு தெரிந்த முகம் ஆனார். டிரம்ஸ் வாசித்த எரிக் க்விக் ஐஸ்லாந்துக்குப் போய் ஜாஸ் வாசித்தார். அந்தப் பழைய பதிவுகளிலேயே ஜாஸ்காரரின் கை தெரிகிறது என்று இப்போது சொல்லிவிடலாம். கேட்கவும் அழகாக இருக்கும். ஆனால் எனக்குத் தெரியவில்லை. பதின்ம வயதுப் பையன் ஒருவன் உயிரைக் கொடுத்து அடிப்பதுதான் எனக்குக் கேட்கிறது. இவர்களைப் பார்த்துப் பாவப்பட நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

நீங்கள் டெமோ என்றால் பெண் பார்க்க அனுப்பும் போட்டோ மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கம்பெனிக்காரன் பார்க்க வேண்டும், அவனுக்குப் பிடிக்க வேண்டும், அப்புறம்தான் கல்யாணம். அன்றைய சுவீடனில் அந்தக் கேசட்டே கல்யாணம். 'வாட்ச் த ரிவர் ஃப்ளோ' 1989-இல் வந்தது. அடுத்த வருடம் 'டிஸ்எம்பாடிட் ஸ்பிரிட்ஸ்'. இவர்களின் ஊர் எட்ஸ்பின், ஹெல்சிங்லாந்து மாகாணத்தில் காட்டுக்கு நடுவே சுமார் 4,000 பேர் இருக்கும் சிற்றூர். பனிச்சறுக்குக் கட்டைக்கும், பனித்தரையில் பந்தை வைத்து ஆடும் பாண்டி விளையாட்டுக்கும் பேர்போனது. அங்கிருந்து கிளம்பிய கேசட் எந்தக் கடைக்கும் போகவில்லை, தபாலில்தான் போனது. ஒவ்வொரு உறையின் மேலும் ஒரு மனிதனின் பெயர் எழுதியிருந்தது. கடையில் ஆல்பத்தை யார் வாங்குகிறான் என்று வாசித்தவனுக்குத் தெரியாது. டெமோ போட்டவனுக்குக் கேட்கப்போகிறவனின் கையெழுத்தே தெரியும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2010 வாக்கில் இரண்டு குளிர்காலம் ஸ்டாக்ஹோமில் மென்பொருள் வேலை பார்த்தேன். எங்கள் தளத்தில் கணக்கு வழக்கு பார்த்த ஒருவர் இருந்தார். நாற்பதைத் தாண்டியவர், வழுக்கை, மதியம் டப்பாவில் உருளைக்கிழங்கும் மீனும் கொண்டுவருவார். எட்டு மாதம் 'ஹே' என்ற ஒரே வணக்கத்தோடு ஓட்டினோம். ஒருநாள் என் காதிலிருந்து கசிந்த சத்தத்தைக் கேட்டு நின்றார். அடுத்த திங்கட்கிழமை ஒரு செருப்புப் பெட்டியோடு வந்தார்.

உள்ளே கேசட்டுகள், கடிதங்கள், கையால் எழுதிய பட்டியல்கள். ஓர் உறையை எடுத்து என்னிடம் நீட்டி, தபால்தலையைத் தடவிப் பார்க்கச் சொன்னார். அதன்மேல் காய்ந்துபோன மெல்லிய படலம் ஒன்று, அப்பளத்தின் மேல்தோல் மாதிரி, நகம் பட்டால் உரிந்தது. பசை. அனுப்பும்போதே தபால்தலையின் மேல் பசையைத் தடவிவிடுவார்களாம். முத்திரை மை அந்தப் படலத்தில்தான் விழும். வாங்கியவன் வெந்நீரில் போட்டால் மை பசையோடு போய்விடும், தபால்தலை புதுசு. 'தபால்தலையைத் திருப்பி அனுப்பவும்' என்று கடிதத்தின் அடியில் எல்லோரும் எழுதியிருந்தார்கள். காசில்லாத பையன்கள். அரசாங்கத்தை ஏமாற்றினோம் என்று சொல்லும்போது அந்தக் கணக்கருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

அதே அரசாங்கம்தான் அவர்களுக்கு வாசிக்க இடமும் கொடுத்தது. இது முக்கியம், யாரும் பேசுவதில்லை. சுவீடனில் ஊர்தோறும் நகராட்சி இசைப்பள்ளி உண்டு, பிள்ளைகள் சொற்பக் கட்டணத்தில் வாத்தியம் பழகலாம். அதற்குமேல் தொழிலாளர் இயக்கம் வளர்த்த ஏபிஎஃப் போன்ற கல்விச் சங்கங்கள். நான்கு பேர் கூடி நாங்கள் ஒரு படிப்பு வட்டம் என்று பதிந்துகொண்டால் நிலவறையில் ஒத்திகை அறை கிடைக்கும். ஒரே நிபந்தனை, வருகைப் பதிவேட்டை நிரப்பிக் கொடுக்க வேண்டும். செருப்புப் பெட்டியின் அடியில் அப்படி ஒரு தாள் இருந்தது. பாடம் என்ற இடத்தில் 'ராக் இசை'. கீழே நான்கு பெயர்கள், ஒவ்வொரு தேதிக்கும் நேராகப் பெருக்கல் குறி. பிணத்தையும் புழுவையும் பாடிய பையன்கள் வாரம் தவறாமல் ஆஜர் போட்டிருக்கிறார்கள்! அந்தக் கணக்கர்தான் வட்டத் தலைவராம். பாஸ் கிட்டார் வாசிப்பவனுக்கு மட்டும் இரண்டு வாரம் குறி இல்லை. காய்ச்சலா என்றேன். "அவன் அம்மா விடவில்லை" என்றார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருடம் வாசித்தோம் என்கிறீர்கள். டெமோவை யாருக்குக் கொடுத்தீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இணையத்தில் ஏற்றிவிட்டு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன், எழுதிய கதைகளை வைத்துக்கொண்டு. இருபது நிமிட டெமோவை ஒருவனுக்குப் பதிவு செய்து கொடுக்க அன்றைக்கு இருபது நிமிடம் ஆகும். நூறு பேர் என்றால் நூறு தடவை. அந்தக் கணக்கர் பள்ளிப் பாடத்தை எழுதிக்கொண்டே இரட்டை டெக்கில் ஓடவிட்டிருக்கிறார். கேசட் நிற்கும் 'டக்' சத்தம் கேட்டால் எழுந்துபோய் மாற்றுவார். அப்படி நாற்பது பேருக்குப் போட்டுக் கொடுங்கள், பெயர் எழுதிக் கொடுங்கள், அதற்கப்புறம் வந்து 'டெமோவைத் தாண்டவில்லை' என்று என்னிடம் அழுங்கள். எனக்கும் ஒன்று அனுப்புங்கள். நன்றாக இல்லாவிட்டால் நன்றாக இல்லை என்றுதான் எழுதுவேன்.

என்டூம்ட் இருக்கும் இடம் என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். அது என்ன ரேஷன் கடை வரிசையா? விட்டுவிடுகிறேன்.

எதைக் கேட்பது என்றுதானே முதலில் கேட்டீர்கள்? 2009-இல் ரிலாப்ஸ் என்ற இசைக் கம்பெனி வெளியிட்ட அந்தத் தொகுப்பைக் கேளுங்கள், டிரம்ஸ் துலக்கமாக இருக்கிறது. ஊர் திரும்பும்போது அந்த மனிதர் தன்னிடமிருந்த நிர்வானா 2002 கேசட்டை எனக்குக் கொடுத்துவிட்டார். அது மூன்று நான்கு கை மாறிய நகல். ஒவ்வொரு கையிலும் இரைச்சல் ஏறி, கிட்டார் ஏதோ பக்கத்து வீட்டில் மாவு மில் ஓடுவது மாதிரி கேட்கும், சிம்பல் கேட்கவே கேட்காது. யாரோ ஒருவன் புதுக் கேசட் வாங்கக் காசில்லாமல் வீட்டிலிருந்த பழைய கேசட்டின் மேலேயே பதிந்திருக்கிறான். கடைசிப் பாட்டு முடிந்ததும் ஒரு சொடுக்கு. அதற்கடுத்து வானொலியில் ஒரு பெண் குரல், கடலோடிகளுக்கான வானிலை அறிக்கையை நிதானமாக வாசித்துக்கொண்டிருக்கும். ஒவ்வோர் இடமாகக் காற்றின் திசை, வேகம். ஏழெட்டு இடங்கள் சொல்வதற்குள் நாடா தீர்ந்துவிடும். அந்தத் தொகுப்பில் இது கிடையாது.

அன்புடன்