குளிர்காலம் வந்தால் நோட்ஸ் எழுதக் கை வரவில்லை

கேள்வி: வயது 20. சொந்த ஊர் கோவை, பிரிட்டனில் எடின்பரோவில் பொறியியல் படிக்கிறேன். நவம்பர் வந்தால் வகுப்பில் நோட்ஸ் எடுக்க முடியவில்லை, பாதி வரியில் நின்றுவிடுகிறேன். பத்து மணி நேரம் தூங்கியும் அசதி. சோறு, பிரெட், இனிப்பு என்று தின்று ஐந்து கிலோ ஏறிவிட்டது. போன வருடமும் இப்படித்தான். மார்ச் கடைசியில் தானாகச் சரியாகி, ஏப்ரலில் ஒரு வாரம் தினமும் மூன்று மணி நேரம் மட்டும் தூங்கி, முழு செமஸ்டருக்கும் நோட்ஸ் எழுதி முடித்தேன், களைப்பே தெரியவில்லை. எனக்கு ஏடிஹெச்டி என்கிற கவனக் குறைபாடு இருக்குமா? வைட்டமின் டி 60,000 தினமும் போடலாமா? சோர்வு போக முன்னால் உட்காரும் பிரகாசமான விளக்கு, அந்த லைட் பாக்ஸ் வாங்கட்டுமா? அக்கா சாப்பிடும் மனச்சோர்வு மாத்திரையை ஊரிலிருந்து வரவழைக்கலாமா? என் மூளை மழுங்கிக்கொண்டு வருகிறதா டாக்டர்?

பதில்: மழுங்கவில்லை. மழுங்குகிற மூளை மார்ச் மாதம் வந்ததும் தானாகத் தெளியாது.

நோட்ஸ் எடுப்பதைச் சின்ன வேலை என்று நினைப்பதால்தான் அது முடியாதபோது இவ்வளவு பயம் வருகிறது. சொல்வதைக் கேட்டு, வேண்டியதைப் பிரித்து, சுருக்கி எழுத வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வாக்கியத்தையும் காதில் வாங்க வேண்டும். மனச்சோர்வு இந்த வேகத்தைத்தான் குறைக்கிறது. நீங்கள் படம் எடுத்து அனுப்பிய பக்கத்தில் முதல் ஆறு வரிகள் ஸ்லைடில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதியவை. ஏழாவது வரி பாதியில் நிற்கிறது. பிரிக்கவும் சுருக்கவும் தெம்பில்லாதபோது கை வெறுமனே நகலெடுக்கும், பிறகு அதுவும் நின்றுவிடும். இதைச் சோம்பல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

குளிர்காலத்தில் வரும் இந்த மனச்சோர்வை 1984இல் நார்மன் ரோசந்தாலும் அவருடன் இருந்த அமெரிக்க ஆய்வாளர்களும் விரிவாக எழுதினார்கள். அதிகத் தூக்கம், மாவுச்சத்தின் மேல் ஆசை, எடை கூடுவது என்று அவர்கள் சொன்னவை எல்லாம் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. டிசம்பர் நடுவில் கோவையில் பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம், எடின்பரோவில் ஏழு மணி நேரம்தான். வகுப்புக்குள் நுழையும்போது இருட்டு, வெளியே வரும்போதும் இருட்டு. தைராய்டையும் ரத்த சோகையையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள், அவையும் இப்படி அசதி கொடுக்கும்.

ஏடிஹெச்டி பயத்தை விட்டுவிடலாம். அது சின்ன வயதிலேயே தெரியத் தொடங்கி வருடம் முழுக்கக் கூடவே இருக்கும். நவம்பரில் வந்து மார்ச்சில் போகாது. ஒரு நிமிட வீடியோ பார்த்து நோய் முடிவு செய்வதை நிறுத்துங்கள்.

வைட்டமின் டி விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. 60,000 யூனிட் என்பது குறைபாடு உள்ளவர்களுக்கு மருத்துவர் பெரும்பாலும் வாரம் ஒன்று என்று எழுதித் தரும் அளவு. குளிர்காலத்தில் தினமும் எடுக்கச் சொல்லி பிரிட்டன் அரசு பரிந்துரைப்பது 400 யூனிட். நீங்கள் கேட்பது அதைப்போல் 150 மடங்கு! ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல் என்று தொடங்கி சிறுநீரகம் வரை கெடும். 400 போதும். அது எலும்புக்கு, இந்தச் சோர்வை விரட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இப்போது நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஏப்ரல் வாரத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அதைத்தான்.

பரீட்சைக்காகக் கண் விழிக்காத மாணவர் கிடையாது. ஆனால் கண் விழித்தவர் மறுநாள் தள்ளாடுவார். ஒரு வாரம் மூன்று மணி நேரம் தூங்கி, களைப்பே இல்லாமல் இருந்தால் அது வேறு. அந்த வாரத்து நோட்டின் படத்தையும் பார்த்தேன். நான்கு நிற மையில் அம்புக்குறிகள், மார்ஜின் முழுக்கப் பொடி எழுத்து, ஒரு பாடத்திலிருந்து சம்பந்தமில்லாத இன்னொன்றுக்குத் தாவும் கோடுகள். அப்போது வழக்கத்தைவிட வேகமாகப் பேசினீர்களா? தேவையில்லாததை வாங்கிக் குவித்தீர்களா? சின்ன விஷயத்துக்கு யாரிடமாவது எரிந்து விழுந்தீர்களா? அறைத் தோழியிடம் கேளுங்கள், அவருக்கு நன்றாக நினைவிருக்கும். குளிரில் தாழ்ந்து வசந்தத்தில் மேலே எகிறும் மனநிலை பைபோலார் என்ற இருமுனைக் கோளாறாகவும் இருக்கலாம். அது பெரும்பாலும் உங்கள் வயதில்தான் தலைகாட்டும். கடிதத்தை வைத்து அப்படித்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது இல்லை என்று ஒரு மனநல மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்லும்வரை அக்காவின் மாத்திரையும் வேண்டாம், லைட் பாக்ஸும் வேண்டாம். வெறும் குளிர்காலச் சோர்வென்றால் காலையில் அரை மணி நேரம் 10,000 லக்ஸ் அளவு வெளிச்சம் தரும் அந்த விளக்கின் முன் உட்கார்வது நல்ல வைத்தியம். இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு அந்த விளக்கும் அந்த மாத்திரையும் ஏப்ரலை ஜனவரியிலேயே கொண்டுவந்துவிடக்கூடும், அதுவும் இன்னும் கடுமையாக.

இந்த வாரமே அங்குள்ள உங்கள் ஜிபியிடம், அதாவது குடும்ப மருத்துவரிடம், நேரம் வாங்குங்கள். இரண்டு நோட்டுகளையும் எடுத்துப் போய் பக்கத்தில் பக்கத்தில் விரித்துக் காட்டுங்கள். "குளிர்காலத்தில் டல்லாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் அவர் பாதியைத்தான் கேட்டிருப்பார். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இப்படி ஏற்ற இறக்கம் உண்டா என்று அம்மாவிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அக்கா மாத்திரை எடுப்பதையும் சொல்லுங்கள்.

அதுவரை மதியம் வெளிச்சம் இருக்கும்போது அரை மணி நேரம் வெளியே நடங்கள். மேகம் மூடியிருந்தாலும் அறை விளக்கைவிட அங்கே வெளிச்சம் பல மடங்கு அதிகம். நோட்ஸுக்கு ஸ்லைடுகளை முன்கூட்டியே வாங்கி அச்செடுத்து, வகுப்பில் அதன் ஓரத்தில் புரியாததை மட்டும் குறியுங்கள். வகுப்பைப் பதிவு செய்ய அனுமதி கேளுங்கள். மாணவர் நலப் பிரிவில் சொன்னால் உதவுவார்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. படிப்பை விட்டுவிடலாமா என்ற யோசனை வந்தால், அந்த முடிவை ஜனவரியில் எடுக்க வேண்டாம்.

வாழ்வதே வீண் என்ற எண்ணம் வந்தால் ஜிபிக்காகக் காத்திருக்காமல் அங்குள்ள மருத்துவ உதவி எண் 111ஐ அழையுங்கள், உயிருக்கே ஆபத்து என்றால் அவசர எண் 999. மறுபடியும் தூக்கம் குறைந்து களைப்பு தெரியாமல் போனால், இரண்டாம் இரவு தாண்டுவதற்குள் ஜிபியிடம் சொல்லுங்கள். அந்த நேரத்தில் உங்களுக்கு எல்லாம் நன்றாகத்தான் இருப்பதாகத் தோன்றும். அதனால் அந்தப் பொறுப்பை இப்போதே அறைத் தோழியிடமும் ஒப்படைத்து வையுங்கள்.