அம்மாவுக்கு மிச்சம்

கேள்வி: வணக்கம். எனக்கு 34 வயது. சொந்த ஊர் பாளையங்கோட்டைப் பக்கம், வேலை சென்னையில். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் பரிசுப் பொட்டலங்கள் மேல் பெயர் எழுத மாட்டோம். ஒரு தாளில் குறிப்புகள் இருக்கும். அதைப் படித்து எது யாருக்கு என்று கண்டுபிடிக்க வேண்டும். அப்பா ஆரம்பித்துவைத்த பழக்கம் இது. அவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. அப்பாவின் குறிப்புகளில் லாஜிக் அவ்வளவாக இருக்காது. 'சந்தையிலிருந்து வரும்போது பையைக் கை மாற்றிக் கை மாற்றி வருபவருக்கு' என்கிற மாதிரி எழுதுவார். இந்த முறை நான் முறையான லாஜிக் புதிராகவே எழுதினேன். ஆபீஸில் சீட்டு எடுத்து ரகசியமாகப் பரிசு கொடுக்கும் கிறிஸ் மாம், கிறிஸ் சைல்ட் விளையாட்டை நடத்துவதே நான்தான், அதனால் பழக்கம் உண்டு.

அம்மா, அக்கா, அத்தான், சித்தி, தங்கை என்று ஐந்து பேர். சேலை, குடை, முள் வைத்த கைக்கடிகாரம், டார்ச், பிளாஸ்க் என்று ஐந்து பரிசு. ஆளுக்கு ஒன்று. குறிப்புகள் நான்கு. ஒன்று, அத்தானுக்கும் தங்கைக்கும் கிடைப்பவை பேட்டரியில் ஓடுபவை. இரண்டு, தங்கைக்குக் கிடைப்பதில் முள் கிடையாது. மூன்று, அக்காவுக்குக் கிடைப்பதை விரிக்கலாம், மடக்கலாம். நான்கு, சித்திக்குக் கிடைப்பது பேட்டரியிலும் ஓடாது, மழைக்கும் உதவாது. அம்மாவுக்கு எதுவானாலும் சரி என்பதால் அவருக்குத் தனியாகக் குறிப்பு எழுதவில்லை. பிரபலமான வரிக்குதிரைப் புதிரிலும் வரிக்குதிரைக்குக் குறிப்பு கிடையாதே.

அத்தான் எல்லோர் முன்னாலும் "இதுக்கு ரெண்டு விடை வருது, புதிரே தப்பு" என்றார். பேச்சு வளர்ந்தது. அம்மா பாதியில் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார். இரண்டு பொட்டலங்கள் இன்னும் பிரிக்காமல் பீரோ மேல் கிடக்கின்றன. அத்தானுக்கும் எனக்கும் பேச்சு இல்லை. என் விடைத்தாளையும் அனுப்பியிருக்கிறேன். புதிர் சரியா, தவறா?

பதில்: தம்பி, உங்கள் அத்தான் சொன்னதுதான் சரி. புதிருக்கு இரண்டு விடை வருகிறது. இதோடு பதிலை முடித்திருப்பேன். ஆனால் புதிர் எழுதுகிறவர்கள் வாய்வார்த்தையை நம்ப மாட்டார்கள், அதனால் கணக்கையும் போட்டுவிடுகிறேன்.

ஐந்து பொருளை ஐந்து பேருக்கு ஆளுக்கொன்றாகக் கொடுக்க 120 வழிகள். உங்கள் முதல் குறிப்பு அதில் 108-ஐ ஒரே வெட்டாக வெட்டி, 12-இல் கொண்டுவந்து நிறுத்துகிறது. நல்ல குறிப்பு, ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவதில் தங்கைக்கு டார்ச், அத்தானுக்குக் கடிகாரம் என்று முடிவாகிறது. மிச்சம் 6 வழி. மூன்றாவதில் அக்காவுக்குக் குடை. சேலையையும்தான் விரித்து மடக்கலாம் என்று யாராவது கிளப்பியிருந்தால் தள்ளிவிடுங்கள். சேலையை மடிப்போம், குடையைத்தான் மடக்குவோம். ஆக 2 வழி. நான்காவது குறிப்புக்குப் பிறகு? அப்போதும் 2 வழிதான். சித்திக்குப் பேட்டரிப் பொருள் வராது என்பது முதல் குறிப்பிலேயே முடிந்த சங்கதி. குடை வராது என்பது மூன்றாவதிலேயே முடிந்துவிட்டது. நான்காவது குறிப்பு ஏற்கெனவே பூட்டிய கதவுக்கு இன்னொரு பூட்டு. நான்கு எழுதியதாக உங்களுக்கு நினைப்பு, எழுதியது மூன்று. கடைசியில் சேலையும் பிளாஸ்க்கும் ஒரு பக்கம், சித்தியும் அம்மாவும் இன்னொரு பக்கம் நிற்கிறார்கள். யாருக்கு எது என்று தாளில் எங்கும் இல்லை.

'சித்திக்குக் கிடைப்பதை இஸ்திரி போடலாம்' என்று நான்காவதை மாற்றினால் ஒரே விடைதான் வரும். அத்தான் வாயை அடைத்துவிடலாம். ஒரு நிமிட வேலை. அதைச் செய்யாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் விடைத்தாளை முன்னால் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கோடு போட்ட தாள். இடது பக்கம் பெயர், வலது பக்கம் பொருள். அத்தான் – கைக்கடிகாரம். தங்கை – டார்ச். அக்கா – குடை. சித்தி – சேலை. கடைசி வரி: அம்மா – மிச்சம்.

பிளாஸ்க் என்றால் நாலு எழுத்து. மிச்சம் என்றாலும் நாலு எழுத்துதான். மையைக்கூட நீங்கள் மிச்சப்படுத்தவில்லை, தம்பி. அந்தப் பொருளின் பெயரை எழுதியிருக்கலாம். கடையில் போய் அதை விலை கேட்டு, காசு கொடுத்து, காகிதம் சுற்றி, ரயிலில் ஊருக்குக் கொண்டுபோனது நீங்கள்தானே? அம்மாவின் பெயருக்கு நேராக வந்தபோது மட்டும் அது என்னவென்று மறந்துவிட்டதா?

வரிக்குதிரையைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். சரி, அதையும் விசாரிப்போம். 1962 டிசம்பர் 17 தேதியிட்ட 'லைஃப் இன்டர்நேஷனல்' பத்திரிகையில் வந்த புதிர் அது. ஐன்ஸ்டைன் சின்ன வயதில் எழுதியது என்று ஊரெல்லாம் சொல்வார்கள், அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. ஐந்து வீடு, 15 குறிப்பு. எந்த வீட்டில் யார் இருக்கிறார், என்ன வளர்க்கிறார், என்ன குடிக்கிறார் என்று கண்டுபிடிக்க வேண்டும். வரிக்குதிரை என்ற சொல் அந்தப் பதினைந்தில் எதிலும் வராது, உண்மைதான். தண்ணீரும் வராது. ஆனால் மற்ற நாய், நரி, குதிரை, நத்தை எல்லாம் தத்தம் வீட்டில் அசையாமல் உட்கார்ந்த பிறகு வரிக்குதிரைக்கு ஒரே ஒரு வீடுதான் மிஞ்சும். உங்கள் புதிரில் அப்படி மிஞ்சவில்லை. அதைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் கவனிக்கவே இல்லை. அந்தப் புதிரின் கடைசிக் கேள்வியே 'வரிக்குதிரை யாருடையது?' என்பதுதான். குறிப்பில் பெயர் இல்லாவிட்டாலும், பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்த அத்தனை பேரும் தேடியது அதைத்தான். உங்கள் வீட்டுக் கூடத்தில் அன்று யார் அம்மாவைத் தேடினீர்கள்? இரண்டு விடை கண்டுபிடித்த அத்தானின் வாயிலிருந்து அடுத்து வந்திருக்க வேண்டியது 'அப்போ அத்தைக்கு எது?' என்ற கேள்வி. அவர் 'புதிரே தப்பு' என்றார். நீங்கள் 'இல்லை, சரி' என்றீர்கள். வரிக்குதிரைக்குக் காது கேட்டாலும் மனசு வலிக்காது. பாயில் உட்கார்ந்திருந்தவருக்கு இரண்டும் உண்டு. எழுந்து போய்விட்டார்.

அம்மாவுக்கு எதுவானாலும் சரி என்கிறீர்கள். இது அவர் சொன்னதா, நீங்கள் சொல்வதா? அவரே சொன்னது என்றுதான் வைத்துக்கொள்வோம். இந்த வாக்கியத்தை நான் எத்தனையோ கடிதங்களில் படித்துவிட்டேன். மீன் குழம்பில் நடுத்துண்டெல்லாம் போய் வால் துண்டு வரும்போது சொன்னது. பண்டிகைக்கு எல்லோருக்கும் துணி எடுத்து முடித்து, கையில் காசு குறைந்தபோது சொன்னது. மின்விசிறிக்கு நேர் கீழே பாய் போட இடம் இல்லாதபோது சொன்னது. அந்தந்த நேரத்து நெருக்கடிக்குச் சொன்னதை எல்லாம் பிள்ளைகள் சேர்த்துக் கட்டி, அம்மாவின் குணம் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். மகன்கள் கொஞ்சம் அதிகமாகவே வைக்கிறார்கள். மகள்களிடமிருந்து இந்த வாக்கியம் எனக்கு வராமல் இல்லை, குறைவு. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

ஆபீஸில் சீட்டு குலுக்கிப் போட்டு கிறிஸ் சைல்ட் எடுக்கிறீர்கள். யாரோ ஒரு ஆள், அடுத்த மாடியில் உட்கார்ந்திருப்பவர். அவருக்கு சாக்லேட் ஆகுமா, எந்த நிறம் பிடிக்கும், டீயா காபியா என்று அவர் பக்கத்து சீட்டுக்காரரிடம் துப்புத் துலக்குகிறீர்கள். இதை நடத்துவதே நீங்கள்தான் என்று பெருமையாக வேறு எழுதியிருக்கிறீர்கள். 34 வருடம் ஒரே அடுக்களையில் சாப்பிட்டு வளர்ந்தவருக்கு, சேலையையும் பிளாஸ்க்கையும் பிரித்துக்காட்ட அம்மாவைப் பற்றி ஒரு வரி எழுத வரவில்லை. என் குற்றச்சாட்டு இவ்வளவுதான். குறிப்பு எழுத மறந்துவிட்டீர்கள் என்று நான் நினைக்கவில்லை. எழுத உட்கார்ந்திருந்தாலும் எழுதியிருக்க முடியாது.

அப்பாவின் குறிப்பில் லாஜிக் இல்லை என்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போகிறீர்கள். 'சந்தையிலிருந்து வரும்போது பையைக் கை மாற்றிக் கை மாற்றி வருபவருக்கு.' யாரைப் பற்றி எழுதினார் என்று நீங்கள் சொல்லவில்லை, எனக்குச் சொல்லவும் வேண்டாம். கட்டம் போட்டு டிக்கும் பெருக்கல் குறியும் போட்டால் அதற்கு விடை வராது. வாசலில் நின்று, தெருமுனையில் அந்த உருவம் திரும்பும்போதே பார்த்தவருக்குத்தான் தெரியும்: இருபதடி வலது கை, இருபதடி இடது கை. அந்த மனிதர் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, தோதாக ஒரு பொருளும் வாங்கியிருக்கிறார். அதுதான் குறிப்பு.

உங்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். எங்கள் அம்மாவுக்கு நான் வெளியூரிலிருந்து வரும்போதெல்லாம் கைப்பை வாங்கி வருவேன். வாங்கிக்கொண்டு சிரிப்பார். அவர் போன பிறகு பீரோவைத் திறந்தால் ஆறு கைப்பைகள், கடையில் உள்ளே திணித்த காகிதத்தோடு அப்படியே. கடைசிவரை வெளியே எடுத்துப் போனது ஒரு கல்யாண வீட்டு மஞ்சள் பை. ஆறு முறையும் நான் கவனிக்கவில்லை.

வேதம் கரைத்துக் குடித்தவள் இல்லை நான், கான்வென்ட்டில் படித்ததால் கொஞ்சம் தெரியும். மத்தேயு இரண்டாம் அதிகாரத்தைப் பிரித்துப் பாருங்கள். பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று பரிசு மூன்றுக்கும் பெயர் இருக்கிறது. கொண்டுவந்த சாஸ்திரிகள் எத்தனை பேர் என்று இல்லை. அவர்கள் பெயர் இல்லை. எதை எவர் கொடுத்தார் என்பதும் இல்லை; மூன்று ராஜாக்கள், ஆளுக்கொரு பெயர் என்பதெல்லாம் பின்னால் வந்த வழக்கம்தான். உங்கள் கணக்குப்படி அதுவும் தப்பான புதிர். ஆனால் பரிசு வைத்த அதே வசனத்தில் தாயின் பெயர் இருக்கிறது.

இன்னொன்று. பீரோ மேல் இரண்டு பொட்டலம் கிடக்கின்றன என்றீர்களே, அவை யாருடையவை என்று மேலே போட்ட கணக்கே சொல்கிறது. அத்தான் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார், தங்கை டார்ச்சை அடித்துப் பார்த்திருப்பாள், அக்காவுக்குக் குடை வந்துவிட்டது. பலகாரம் சுட்டு, விடியற்கால ஆராதனைக்கு எல்லோரையும் எழுப்பிவிட்டிருக்கும் அம்மாவுக்கும் சித்திக்கும் இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நீங்களும் அத்தானும் பேசுகிறீர்களா இல்லையா என்பது அப்புறம்தான்.

அதையும் சொல்லிவிடுகிறேன். அத்தானுக்கு இன்றைக்கே போன் போட்டு 'நீங்க சொன்னதுதான் சரி அத்தான், ரெண்டு விடை வருது' என்று சொல்லுங்கள். அக்காவின் வீட்டுக்காரர், மூத்தவர், போதாததற்குச் சரியாகவும் சொன்னவர். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

சித்தியின் சேலையை அடுத்த முறை போகும்போது நீங்களே கையில் எடுத்துக் கொடுங்கள். பிளாஸ்க்கை இப்போதைக்குத் தொடாதீர்கள். அம்மாவிடம் 'உனக்கு என்னம்மா வேணும்?' என்றும் கேட்காதீர்கள். என்ன பதில் வரும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில் ஏறுங்கள். சனிக்கிழமை காலை கூடத்தில் போனைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் அடுக்களையில் ஒரு பலகையைப் போட்டு உட்காருங்கள். தேங்காய் துருவித் தருகிறேன் என்று சொல்லுங்கள், விரட்டுவார், எழுந்து வராதீர்கள். அவர் காபி எத்தனை மணிக்குப் போடுகிறார், எத்தனை மணிக்குக் குடிக்கிறார், அதற்குள் அது ஆறிப்போகிறதா, ஆறியதை மறுபடி சுட வைக்கிறாரா அப்படியே ஊற்றிக்கொள்கிறாரா என்று பாருங்கள். உயரத்து அலமாரியிலிருந்து டப்பா எடுக்க எதன் மேல் ஏறுகிறார், சாயங்காலம் கோயிலுக்குக் கிளம்பும்போது எந்தச் சேலையை எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கிறார் என்று பாருங்கள். பிளாஸ்க் அவருக்கு உதவும் என்று அப்போது தோன்றினால் கொடுங்கள். தோன்றாவிட்டால் சென்னைக்கு எடுத்து வந்து நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் மிச்சம்.

அடுத்த கடிதத்தில் அத்தானைப் பற்றி எழுத வேண்டாம். நீங்கள் எழுதாமல் விட்ட குறிப்பை மட்டும் எழுதி அனுப்புங்கள். 'அம்மாவுக்கு' என்று தொடங்கி ஒரு வரி இருந்தால் போதும்.