பேப்பர் போடச் சொன்னால் என்ன செய்வது? – பெங்களூரு கேள்வி பதில்

பெங்களூரில் 19 வருடம் எச்.ஆர். வேலை பார்த்தவள் நான். ஆட்குறைப்பு அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். பத்து நிமிடப் பதற்றத்தில் எத்தனையோ பேர் லட்சக்கணக்கில் இழந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதற்காகத்தான், கம்பெனி ராஜினாமா (பேப்பர் போடுவது) எழுதிக் கேட்கிறது என்று நகரின் பல பகுதிகளிலிருந்து கேட்பவர்களுக்கு இன்று உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

மாரத்தஹள்ளி: ஆறு வருடம் ஏழு மாத சர்வீஸ். இன்றே ரிசைன் பண்ணினால் இரண்டு மாதச் சம்பளம் தருகிறார்களாம். போட்டுவிடட்டுமா மேடம்?

அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் உங்கள் ஆஃபர் லெட்டரை எடுத்துப் பாருங்கள். நோட்டீஸ் பீரியட் இரண்டு மாதம் என்றிருந்தால், அவர்கள் தருவதாகச் சொல்வது ஏற்கெனவே உங்களுக்குச் சேர வேண்டிய பணம். கூடுதலாக ஒரு பைசா இல்லை.

கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, தனி. ஆறு மாதத்துக்கு மேல் போனால் முழு வருடமாகக் கணக்கு, ஆகவே உங்களுக்கு ஏழு வருடம். மாத அடிப்படைச் சம்பளம் (பேசிக்) 60,000 என்று வைத்துக்கொண்டால் அதை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, 7-ஆல் பெருக்குங்கள். ஏறக்குறைய 2,42,300 ரூபாய். ரிசைன் பண்ணினாலும் இது வரும். இதையே சலுகை மாதிரி காட்டினால் ஏமாறாதீர்கள்.

ஆனால் ஆட்குறைப்பு இழப்பீடு அப்படி இல்லை. சட்டம் ‘தொழிலாளர்’ என்று ஏற்பவருக்கு ஒரு மாத நோட்டீஸ், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் உண்டு. பதவியில் ‘மேனேஜர்’ என்று இருப்பதால் மட்டும் அது போய்விடாது. செய்த வேலை என்ன என்பதே கேள்வி. நீங்களாகவே விலகுவதாக எழுதிக் கொடுத்தால் அந்தக் கதவு மூடிவிடும்.

பெல்லந்தூர்: தவறாக நினைக்காதீர்கள், இது நடைமுறைக்கு ஒத்துவராது. டெர்மினேஷன் என்று ரெக்கார்டில் ஏறினால் அடுத்த கம்பெனி வெரிஃபிகேஷனில் மாட்டிக்கொள்வோம்.

ஒழுங்கு நடவடிக்கையில் வெளியேற்றுவது வேறு, ஆட்குறைப்பு வேறு. கடிதத்தில் ‘பணியிடம் நீக்கப்பட்டதால்’ என்று காரணம் எழுதித் தரச் சொல்லுங்கள். அப்படிப்பட்ட கடிதத்தோடு வந்தவர்களை நானே வேலைக்கு எடுத்திருக்கிறேன்.

எலெக்ட்ரானிக் சிட்டி: நான் மறுத்தேன் அக்கா. பெர்ஃபார்மன்ஸ் சரியில்லை என்று போட்டு அனுப்பினார்கள். ரிலீவிங் லெட்டர் வாங்கவே நாலு மாதம் ஆனது. பெல்லந்தூர்க்காரர் சொல்வதுதான் சரி.

உங்களுக்கு நடந்தது அநியாயம். அப்படி மிரட்டுவார்கள் என்பதை மறுக்கவில்லை. பழைய அப்ரைசல் (வேலை மதிப்பீட்டு) கடிதங்கள் கையில் இருந்தால் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. பன்னேர்கட்டா சாலை கார்மிக பவனில் தொழிலாளர் துறை இருக்கிறது, ஐ.டி. ஊழியர் சங்கமான கிட்டுவும் இப்படிப்பட்ட புகார்களை எடுத்து நடத்துகிறது.

பெல்லந்தூர்: ஈ.எம்.ஐ. கட்டுகிறவன் கார்மிக பவனுக்கு அலைவானா மேடம்?

நியாயமான கேள்வி, அதனால் என் பேச்சைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். பேரம் பேசி, நல்ல தொகையை எழுத்தில் வாங்கி, அதற்கு ஈடாக ரிசைன் பண்ணுவது தவறில்லை. அது உங்கள் விருப்பம். வாய்வார்த்தையை நம்பி, அதே அறையில், அதே நேரத்தில் போடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

ஒயிட்ஃபீல்ட்: பி.எஃப். முழுவதும் எடுத்துவிடலாமா?

வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும். சந்தா நின்றாலும் வட்டி ஏறும், 2024-25க்கு 8.25 சதவீதம். ஐந்து வருட சர்வீஸ் முடியாமல் எடுத்தால் வரி உண்டு. நம் கட்டுப்பாட்டில் இல்லாத காரணத்தால் வேலை போயிருந்தால் அந்த வரிக்கு விலக்கு இருக்கிறது. ‘சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்’ என்று கையெழுத்துப் போட்டவர் அதை எப்படிக் கேட்பார்? மறுபடியும் அதே கையெழுத்து.

கே.ஆர்.புரம்: மனைவிக்கு ஆறாம் மாதம். கம்பெனி இன்ஷூரன்ஸை நம்பித்தான் இருந்தோம்.

தம்பி, உங்கள் பேரத்தில் பணத்தை விட இதை முன்னால் வையுங்கள். குழு பாலிசி பொதுவாகக் கடைசி வேலை நாளோடு முடியும். புதிதாகத் தனிநபர் பாலிசி எடுத்தால் பிரசவத்துக்குக் காத்திருப்புக் காலம் இருக்கும், இப்போதைக்கு உதவாது. அதனால் பிரசவம் முடியும்வரை காப்பீட்டை நீட்டித்துத் தரும்படி, அல்லது கடைசி நாளைத் தள்ளிப்போடும்படி, மின்னஞ்சலில் கேளுங்கள். கேட்டதும் கொடுத்த நிறுவனங்களைப் பார்த்திருக்கிறேன். பலர் கேட்பதே இல்லை. அது நடக்காவிட்டாலும் வாணி விலாஸ் அரசு மருத்துவமனை இருக்கிறது, இப்போதே போய்ப் பதிவு செய்து வையுங்கள். தைரியமாக இருங்கள்.

அல்சூர்: பி.எஃப். எடுக்கலாமா மேடம்?

மேலே ஒயிட்ஃபீல்டுக்குச் சொல்லியிருக்கிறேன். படியுங்கள்.

ஓசூர் சாலை: அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாவில் இருக்கும் அண்ணனுக்கு வேலை போய்விட்டது...

என் துறை இல்லை. அங்குள்ள குடியேற்ற வழக்கறிஞரை இன்றே பார்க்கச் சொல்லுங்கள்.

விவேக்நகர்: 40,000 கட்டினால் பின்வாசல் வழியாக வேலை வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒருவர்.

கட்டாதீர்கள். காசு கேட்டு வேலை தருகிறவன் வேலை தரமாட்டான். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

ஹெப்பால்: பி.எஃப். பணத்தை...

தயவுசெய்து மேலே பாருங்கள். மூன்றாவது முறை.

மாரத்தஹள்ளி: மேடம், நான்தான். நாளை காலை பத்து மணிக்கு எச்.ஆர். மீட்டிங் வைத்துவிட்டார்கள்.

லேப்டாப்பைப் பிடுங்கிக்கொள்வார்கள், அதனால் இன்றிரவே சம்பளச் சீட்டுகள், ஃபார்ம் 16 (சம்பள வரிச் சான்று), அப்ரைசல் கடிதங்களை எடுத்து வையுங்கள். உங்கள் சொந்தத் தாள்கள் மட்டும். கம்பெனி கோப்பு ஒன்றையும் தொடாதீர்கள், அதையே காரணமாக்குவார்கள். பி.எஃப். கணக்கில் உங்கள் சொந்த மொபைல் எண் இருக்கிறதா பாருங்கள். நாளை அறையில் ஒரே வாக்கியம் போதும்: “படித்துப் பார்த்துவிட்டு இரண்டு நாளில் பதில் சொல்கிறேன், எல்லாவற்றையும் மெயிலில் அனுப்புங்கள்.” மீட்டிங் முடிந்ததும் இங்கே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.