வாசகர் கேள்வி – பதில்: ஆய்வு ஊரைச் சேர்வதற்கு யார் செலவு செய்வது?

கேள்வி: இஸ்லாம் பற்றிய பல்கலைக்கழக ஆய்வுகளைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்ப்பதற்கென்றே அமெரிக்காவில் தனி நிதி உண்டு என்கிறார்களே, உண்மையா? ஆய்வாளர்கள் தாங்களாகவே எழுதினால் போதாதா?
– வாசகி, காயல்பட்டினம்

பதில்: உண்மைதான். நியூயார்க்கில் 1911இல் தொடங்கப்பட்ட கார்னகி அறக்கட்டளை, 2005 முதல் சில ஆண்டுகள், ஆய்வாளர்களுக்குத் தான் தரும் நல்கையை (உதவித்தொகையை) இஸ்லாம் பற்றிய ஆய்வுக்கே ஒதுக்கியது. தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு ஒரு லட்சம் டாலர் வரை கிடைத்தது. பொதுமக்களின் புரிதலுக்கு அந்த ஆய்வு எப்படிப் பயன்படும் என்பதும் கவனிக்கப்பட்டது. அப்போது அதன் தலைவராக இருந்த வார்தன் கிரிகோரியன், ஈரானின் தப்ரீஸில் பிறந்த ஆர்மீனியக் கிறிஸ்தவர் என்பதைப் பலர் அறிவதில்லை. அதே அறக்கட்டளையின் பணத்தைக் கொண்டு சமூக அறிவியல் ஆய்வு மன்றமும், முஸ்லிம் சமூகங்கள் பற்றிய ஆய்வைக் கல்விக்கூடத்துக்கு வெளியே கொண்டு செல்லும் பணிக்காகப் பல்கலைக்கழக மையங்களுக்கு நல்கை வழங்கியது.

ஆய்வாளர் தாமாகவே எழுதலாம், எழுதுவோரும் உண்டு. ஆனால் பதவி உயர்வுக்குக் கணக்கில் வருவது ஆய்விதழில் வந்த கட்டுரையே தவிர, ஊர் நூலகத்தில் ஆற்றிய உரை அன்று. பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு முழுநாள் பயிலரங்கு நடத்த வேண்டுமானால், வரும் ஆசிரியருக்குப் பயணப்படி, அவர் வகுப்பைப் பார்த்துக்கொள்பவருக்குச் சம்பளம், அடிக்குறிப்பு நிறைந்த அத்தியாயத்தைப் பள்ளிப் பாடக் குறிப்பாக மாற்றித் தருபவருக்கு ஊதியம் என்று ஒவ்வொன்றுக்கும் பணம் வேண்டும். சில்லறைச் செலவுகள்தாம், ஆனால் ஆய்வு நல்கையில் இவற்றுக்கு இடமிருப்பது அரிது.

இவ்வகை முயற்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது 2013இல் அமெரிக்காவின் தேசிய மானுடக் கல்வி நிதியம் (National Endowment for the Humanities) நூலகச் சங்கத்தோடு சேர்ந்து, கார்னகியின் ஆதரவுடன் செய்தது. அறிஞர்களைக் கொண்டு தேர்ந்தெடுத்த 25 நூல்களையும் மூன்று ஆவணப் படங்களையும் எண்ணூறுக்கும் மேற்பட்ட நூலகங்களுக்கு அனுப்பினார்கள். தலைப்புகள் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்து நூல்கள். அவற்றுள் ஒன்று அமிதவ் கோஷ் எழுதியது; பன்னிரண்டாம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்த யூத வணிகர் ஒருவரின் அடிமையைக் கெய்ரோவில் கிடைத்த பழங்கடிதங்களின் வழியே தேடிச் செல்லும் நூல் அது. சில நூலகங்களில் உள்ளூர்ப் பேராசிரியர் ஒருவர் முன்னிருந்து வாசகர் வட்டமும் நடத்தினார். நூலை அனுப்பியதைவிட, அதைப் பற்றிப் பேச ஓர் ஆளையும் அமர்த்தியதே இதில் கெட்டிக்காரத்தனம் என்பேன்.

கேள்வி: பணம் கொடுப்பவர் விரும்புவதைத்தானே ஆய்வாளர் சொல்வார்?
– வாசகர், மேலப்பாளையம்

பதில்: சந்தேகம் நியாயமானது. 2005 டிசம்பரில் சவூதி இளவரசர் அல்வலீத் பின் தலால், ஹார்வர்டுக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் தலா இரண்டு கோடி டாலர் கொடுத்தார். அந்தப் பணம் சவூதி அரேபியா பற்றிய விமர்சனத்தை அடக்கிவிடுமா என்று 2008இல் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் ஜார்ஜ்டவுன் தலைவருக்குக் கடிதமே எழுதினார்.

வெளிநாட்டுப் பணத்துக்குத்தான் இந்த ஆபத்து என்று எண்ணிவிட வேண்டாம். சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் பறந்த மறு ஆண்டான 1958இல் இயற்றிய சட்டத்தில் தொடங்கி, அயல்நாட்டு மொழி, வட்டார ஆய்வு மையங்களுக்கு அமெரிக்க அரசே நிதி தந்துவந்தது. பொதுமக்களுக்கான பணியும் அம்மையங்களின் கடமைகளில் ஒன்றாக இருந்தது. 2019இல் டியூக், வட கரோலினா பல்கலைக்கழகங்கள் கூட்டாக நடத்திய மத்தியக் கிழக்கு ஆய்வு மையத்துக்கு அந்நாட்டுக் கல்வித் துறை எழுதிய கடிதத்தில், இஸ்லாத்தின் நல்ல அம்சங்களுக்கே அங்கு அழுத்தம் தரப்படுகிறது, கிறிஸ்தவம், யூதம் போன்றவற்றுக்கு அவ்வாறில்லை என்று குறை கூறி, நிகழ்ச்சிகளைத் திருத்தி அமைக்கச் சொன்னது. அந்த மையம் அரசிடமிருந்து பெற்றுவந்தது ஆண்டுக்கு 2,35,000 டாலர் மட்டுமே. அந்த அளவுத் தொகைக்கே இவ்வளவு அதிகாரம் வந்துவிடுகிறது.

ஆகவே, கொடுத்தவர் யார் என்பதோடு நிறுத்திவிடாமல், எந்த ஆய்வு, எந்த நூல் என்று தேர்ந்தெடுத்தவர் யார் என்பதையும் நான் பார்ப்பேன். பணம் ஒருவருடையதாகவும் தேர்வு அறிஞர் குழுவினுடையதாகவும் இருந்து, இரண்டும் வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். ஜெர்மனியில் 2017இல் பிராங்பர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்க்கும் இதே நோக்கத்துக்காகத் தொடங்கிய இஸ்லாமிய ஆய்வுக் கழகத்துக்குக் கல்வி அமைச்சகமும் ஒரு தனியார் அறக்கட்டளையும் சேர்ந்து நிதி கொடுத்தன. ஒரே கையை நம்பி நில்லாத அந்த ஏற்பாடு எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

கேள்வி: எங்கள் வீட்டுப் பரணில் அரபுத் தமிழ்க் கிதாபுகள் சில இருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் நிதி கிடைக்குமா?
– வாசகர், கீழக்கரை

பதில்: பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்திவரும் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டம், ஆர்க்கேடியா என்ற அறக்கட்டளையின் பணத்தில் இத்தகைய தொகுப்புகளைப் படமெடுக்க நல்கை தருகிறது. மூலப் பிரதி அந்த நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது, படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். எனவே யார் கேட்டாலும் கிதாபைக் கையில் கொடுத்தனுப்பி விடாதீர்கள். உள்ளூர்க் கல்லூரி ஒன்றோடு சேர்ந்து விண்ணப்பிப்பது நல்லது. படமெடுத்த பிறகு, அரபு எழுத்தில் இருக்கும் அந்தத் தமிழை இன்றைய வாசகருக்குப் படித்துச் சொல்லும் ஆளுக்கான ஊதியத்தை வேறிடத்தில்தான் தேட வேண்டியிருக்கும். அந்த எழுத்தைத் தடுமாறாமல் வாசிக்கும் பெரியவர் உங்கள் தெருவில் இருந்தால், அவரை இப்போதே பிடித்துவையுங்கள்.